தனித்த திரை: பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டுக்கு வீடு வகுக்க வேண்டிய எல்லை

2011 ஏப்ரலில் இந்திய அரசு இணைய மையங்களுக்கென்று சில விதிகளை வெளியிட்டது. நாம் பிரவுசிங் சென்டர் என்று அழைத்த கடைகளுக்கான விதிகள் அவை. அவற்றுள் ஆறாவது விதி கடையின் உள் அமைப்பைப் பற்றியது. கணினிகளுக்கிடையே தடுப்பு வைத்தால் அதன் உயரம் தரையிலிருந்து நாலரை அடியைத் தாண்டக் கூடாது. தடுப்பு இல்லாத கணினிகளின் திரை, கடையின் பொதுப் பகுதியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாமல் தடுப்புக்குள் உட்காரவைக்கக் கூடாது.

அந்த விதிகள் வடிகட்டும் மென்பொருளைப் பற்றியும் பேசின. ஆனாலும் உட்காரும் இடத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்து சொன்னதில் ஒரு தெளிவு இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் ஒரு பிள்ளை திரைமுன் தனித்திருப்பதே ஆபத்துக்கு வழிவிடுகிறது என்ற தெளிவு அது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கடைகளில் பலவும் மூடப்பட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் டேட்டா கட்டணம் சரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் செல்பேசிக்கு வந்தது. நாலரை அடிக்கு மேல் தடுப்பு வைக்காதே என்று கடைக்காரருக்குச் சொன்ன நாட்டில், பிள்ளைகள் கதவு சாத்திய அறைக்குள், பாதி இரவில், கையளவு திரையோடு தனியாக விடப்பட்டார்கள். எவரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. படிப்புக்கென்று கடன் வாங்கியாவது பெற்றோர் வாங்கித் தந்த கருவி, படிப்பு நேரம் முடிந்த பிறகும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் பிள்ளைகளின் கணினி, இணையப் பயன்பாட்டுக்கு எல்லை வேண்டும் என்பதில் இன்று பெற்றோரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்த எல்லையை எதன்மேல் போடுவது என்பதில்தான் குழப்பம். பார்க்கும் தளங்களின்மேலா? செலவிடும் மணிக்கணக்கின்மேலா? பிள்ளையின் ஒவ்வொரு அசைவின்மேலா? அல்லது தனிமையின்மேலா? முதல் மூன்றையும் சில நாடுகள் சோதித்துப் பார்த்துவிட்டன. அந்த அனுபவங்களையும் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, நான்காவது வழிக்கே நியாயம் கூடுதலாக இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிள்ளைகளின் கையில் இருப்பது என்ன

இந்தியக் கிராமப்புறப் பள்ளிக் கல்வியை வீடு வீடாகச் சென்று அளந்துவரும் ஏசர் அறிக்கை, 2024இல் 14 முதல் 16 வயதுவரை உள்ளவர்களிடம் செல்பேசிப் பயன்பாட்டைப் பற்றியும் கேட்டது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னார்கள். 82 விழுக்காட்டினருக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்களில், முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு.

அதே அறிக்கையின் இன்னொரு பகுதி இதைவிட முக்கியமானது. சமூக ஊடகம் பயன்படுத்தும் பிள்ளைகளில், தொல்லை தரும் ஒரு கணக்கைத் தடுக்கவோ அதைப் பற்றிப் புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 விழுக்காடுதான். தன் பக்கத்தை மற்றவர் பார்க்காமல் மூடிவைக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு. கருவி ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. தற்காத்துக்கொள்ளும் அறிவு பத்தில் நான்கு பிள்ளைகளிடம் இல்லை. வீட்டில் எல்லை வகுப்பதைப் பற்றிய பேச்சு இந்த இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டியல் போட்டுத் தடுத்தல்

2007இல் ஆஸ்திரேலிய அரசு, ஆபாசத் தளங்களை வடிகட்டும் மென்பொருளை வீடுகளுக்கு இலவசமாகத் தந்தது. திட்டத்தின் செலவு 8.4 கோடி ஆஸ்திரேலிய டாலர். அது வெளிவந்த ஆகஸ்ட் மாதத்திலேயே, மெல்போர்னைச் சேர்ந்த 16 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அதைச் செயலிழக்கச் செய்து காட்டினார். அதைவிடக் கவனிக்க வேண்டியது, மென்பொருளின் சின்னம் திரையில் அப்படியே இருந்ததுதான். வடிகட்டி வேலை செய்துகொண்டிருக்கிறது என்றே பெற்றோர் நம்பியிருப்பார்கள். பாதுகாப்பு இல்லாத வீட்டைவிட, பாதுகாப்பு இருப்பதாக நம்பிக் கவனத்தைத் தளர்த்திய வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து அதிகம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரிஷ்பில்ஸ்கி, விக்டோரியா நாஷ் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் சொன்னது. ஐரோப்பிய, பிரித்தானியக் குடும்பங்களின் தரவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு பிள்ளை பாலியல் காட்சிகளைப் பார்க்க நேர்வதைத் தடுக்க 17 முதல் 77 வீடுகள்வரை வடிகட்டியைப் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பது அவர்களின் கணக்கு.

ஏன் இப்படி? வடிகட்டி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் வீட்டுக்கு வருகின்றன. வீட்டு ரூட்டரில் வைக்கும் வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் தெரியும். அதற்குள் எந்தப் பக்கம், எந்தக் காணொளி என்பது தெரியாது. ஆகவே பெயரை மட்டும் வைத்து யூடியூபை முழுவதும் விடலாம், அல்லது முழுவதும் தடுக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடமும் பிள்ளை பார்க்கக் கூடாததும் ஒரே பெயருக்குள் இருக்கும்போது, பெயரைப் பார்த்துத் தடுப்பது எவ்வளவு தூரம் உதவும்? பக்கத்து வீட்டு வைஃபை, நண்பனின் ஹாட்ஸ்பாட், அப்பாவின் பழைய செல்பேசி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. இன்றைய ஆபத்துகளில் பலவும் தடை செய்த தளங்களிலிருந்து வருவதில்லை. அனுமதித்த விளையாட்டுக்குள் பேச்சுக் கொடுக்கும் முகம் தெரியாத ஆளிடமிருந்தும், அனுமதித்த செயலிக்குள் வரும் செய்தியிலிருந்தும் வருகின்றன.

வடிகட்டியே வேண்டாம் என்பது இதற்குப் பொருளல்ல. ஏழெட்டு வயதுப் பிள்ளை தேடும்போது தற்செயலாக எதிலாவது போய் விழாமலிருக்க அது உதவும். தேடிப்போகத் துணிந்த பதின்வயதுப் பிள்ளையை அது தடுக்காது.

மணி பார்த்துத் தடுத்தல்

தென்கொரியா 2011 நவம்பரில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டுகளை ஆட முடியாது. நேரம் வந்ததும் விளையாட்டு நிறுவனமே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். 2014இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆயினும் பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். கணினி விளையாட்டைக் குறிவைத்த சட்டம் செல்பேசி விளையாட்டுகளைத் தொடவில்லை. பிள்ளைகள் அதற்குள் செல்பேசிக்கு மாறிவிட்டார்கள். இச்சட்டத்தால் இணைய நேரத்திலும் தூக்கத்திலும் நிலையான, குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. 2021இல் வேறொரு சிக்கலும் வந்தது. பயனர் கணக்கு முறை மாறியபோது, உலகெங்கும் குழந்தைகள் ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டு, இந்தச் சட்டத்தின் காரணமாகக் கொரியாவில் பெரியவர்களுக்கு மட்டுமான விளையாட்டாக மாற நேர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு சட்டத்தைக் கைவிட முடிவுசெய்தது. 2022 ஜனவரியிலிருந்து அது இல்லை. பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால் அவர்கள் குறிக்கும் நேரத்தில் விளையாட்டை நிறுத்திவைக்கும் ஏற்பாடு மட்டும் தொடர்ந்தது. பத்தாண்டு அனுபவத்துக்குப் பிறகு, முடிவெடுக்கும் பொறுப்பை அந்நாடு வீட்டிடமே திருப்பித் தந்தது.

சீனா இன்னும் கடுமையாகப் போனது. 2019இல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சாதாரண நாட்களில் ஒன்றரை மணி நேரம் என்று வரையறுத்தது. 2021 ஆகஸ்டில் அதையும் சுருக்கி, வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்றாக்கியது. முதல் கட்டுப்பாட்டின் விளைவை 2023இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த ஆய்வு பரிசீலித்தது. 700 கோடி மணி நேரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுத் தரவுகளை அலசியும், அளவுக்கு மீறி ஆடுவது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. எல்லா வயதினரின் கணக்குகளும் கலந்த தரவு என்பதால் இதைக் கடைசி முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒரு பேரரசு முழு வலிமையோடு போட்ட கட்டுப்பாட்டின் தடயம் இவ்வளவு பெரிய தரவில் தென்படவில்லை என்பது யோசிக்கவைக்கிறது.

மணிக்கணக்கு பார்ப்பதற்கு மருத்துவ அடிப்படை உண்டு. அதையும் சொல்ல வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. 5 முதல் 10 வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு இதே திசையில்தான் இருக்கிறது. சிறு குழந்தைக்கு இந்த அளவு பொருந்தும். அதன் மூளைக்கும் கண்ணுக்கும் தேவையானவை ஓட்டமும் பேச்சும் வெளிச்சமும்தான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மணிக்கணக்கு மட்டும் போதாது. இரண்டு மணி நேரம் படம் வரையக் கற்பதும், பத்து நிமிடம் அறிமுகமில்லாத ஒருவரோடு தனியாகப் பேசுவதும் கடிகாரத்துக்கு வெறும் எண்கள். வீட்டுக்கு அவை வேறு வேறு.

உளவு பார்த்தல்

மூன்றாவது வழி, பிள்ளையின் கருவிக்குள் ஒரு செயலியை வைத்து அனைத்தையும் பார்ப்பது. இதையும் கொரியா சட்டமாக்கியது. 2015 ஏப்ரலிலிருந்து 19 வயதுக்குட்பட்டவர்களின் செல்பேசிகளில் கண்காணிப்புச் செயலி இருக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வகையில் பரவலாகப் பயன்பட்ட ஸ்மார்ட் ஷெரிஃப் என்ற செயலியை, டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் அதே ஆண்டு செப்டம்பரில் சோதித்தது. 26 பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டன. பிள்ளைகளைக் காக்க வந்த செயலி, அவர்களின் விவரங்களை யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவைத்திருந்தது. பிறகு அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

கோளாறு அந்தச் செயலியோடு முடிவதில்லை. பமீலா விஸ்னீவ்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017இல் 75 பாதுகாப்புச் செயலிகளை அலசினார்கள். அவற்றிலிருந்த வசதிகளில் 89 விழுக்காடு, கண்காணிப்பதற்கும் தடுப்பதற்குமாகப் பெற்றோரின் பிடியை இறுக்குபவை. பெற்றோரும் பிள்ளையும் கலந்து பேசத் துணைபுரியும் வசதி ஒரு விழுக்காடுகூட இல்லை. மறு ஆண்டு வந்த ஆய்வு, 37 செயலிகளுக்குப் பிள்ளைகளே எழுதிய 736 மதிப்புரைகளைப் படித்தது. அவர்களில் 76 விழுக்காட்டினர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.

பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் தெரியாமல் வைக்கும் கண்காணிப்புக்கு ஒரு விலை உண்டு. தன் செய்திகளை அம்மாவோ அப்பாவோ திருட்டுத்தனமாகப் படிக்கிறார்கள் என்று ஒருமுறை அறிந்த பிள்ளை, அடுத்த கணக்கை வேறு பெயரில் தொடங்கும். வீட்டோடு பேசுவதைக் குறைக்கும். பெற்றோருக்குச் செய்தி கிடைக்கும் வழி அதோடு அடைபடும்.

வீடுகளைப் பற்றிய ஆய்வுகள்

லண்டன் பொருளியல் பள்ளியின் பேராசிரியர் சோனியா லிவிங்ஸ்டன் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். அவருடைய குழு ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 6,400 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வந்தது. பெற்றோரின் முறைகளை அது இரண்டாகப் பிரித்தது: தடுக்கும் முறை ஒன்று, பேசியும் உடனிருந்தும் பழக்கும் முறை மற்றொன்று. தடுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவாக நேர்ந்தது. கூடவே கற்கும் வாய்ப்பும் திறனும் குறைந்தன. பழக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பும் திறனும் கூடின. ஆபத்தைச் சந்திப்பதும் சற்றுக் கூடியது.

இந்த முடிவு இருதரப்புக்கும் வசதியானதல்ல. கட்டுப்பாடே தவறு என்பவர்களுக்கு, கட்டுப்பாடு ஆபத்தைக் குறைக்கிறது என்கிறது. கட்டுப்பாடே போதும் என்பவர்களுக்கு, அந்தக் குறைவுக்காகப் பிள்ளை எதை இழக்கிறது என்று காட்டுகிறது. ஆபத்தைச் சந்திப்பதும் அதனால் காயப்படுவதும் ஒன்றல்ல. சந்தித்ததை உடனே வந்து சொல்லும் பிள்ளைக்கும், சொல்லப் பயந்து மாதக்கணக்கில் மிரட்டலுக்குப் பணியும் பிள்ளைக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் பெற்றோரின் பங்கு இருக்கிறது.

இங்கே நம் நாட்டின் சோதனை ஒன்றையும் நினைவுகூரலாம். 1999 ஜனவரி 26 அன்று, டெல்லி கல்காஜியில் என்ஐஐடி நிறுவனத்தின் சுவரில் துளையிட்டு ஒரு கணினியைத் தெருவைப் பார்த்து வைத்தார் அங்கு பணியாற்றிய சுகதா மித்ரா. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமலே அக்கம்பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தனியே விட்டாலே கற்றுக்கொள்வார்கள் என்பதற்குச் சான்றாக இந்தச் சோதனையைப் பலர் காட்டுகிறார்கள். ஆனால் அப்பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான் இல்லை, தனிமையும் இல்லை. ஒரு திரைமுன் ஒரு கூட்டம் நின்றது. தெருவில் போகிறவர் கண்ணில் எல்லாம் பட்டது. கணினி எல்லோரும் பார்க்கும் பொதுவிடத்தில் இருக்க வேண்டும் என்பதை மித்ராவும் பின்னர் வலியுறுத்தினார். இத்திட்டத்தின் கல்விப் பயனைப் பற்றிப் பாயல் அரோரா போன்ற ஆய்வாளர்கள் கடுமையான விமர்சனங்களை எழுதியிருக்கிறார்கள். அவற்றை ஏற்றுக்கொண்டாலும், மேற்பார்வை இல்லாத நிலையும் தனிமையும் வேறு வேறு என்பதை அந்தச் சுவர் காட்டியது.

கணினியைக் கூடத்தில் வைத்தால் போதும் என்ற பழைய அறிவுரையை, ஐரோப்பியப் பிள்ளைகளின் இணைய வாழ்வை ஆராய்ந்த ஈயூ கிட்ஸ் ஆன்லைன் குழு ஒரு கட்டுக்கதை என்றே வகைப்படுத்தியது. 25 நாடுகளில் 9 முதல் 16 வயதுவரையுள்ள 25,000 பிள்ளைகளிடம் 2010இல் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில் 49 விழுக்காட்டினர் படுக்கையறையிலிருந்தும், 33 விழுக்காட்டினர் செல்பேசி வழியாகவும் இணையத்துக்குப் போனார்கள். அந்தக் கண்டனம் சரியானது. மேசைக் கணினிக்குச் சொன்ன விதி கையோடு நகரும் கருவிக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே விதியைப் புதுப்பிக்க வேண்டும்: கருவி எங்கே இருக்கிறது என்பதோடு, எந்த நேரத்தில், யார் அருகில், எந்த இடத்தில் அது பிள்ளையின் கையில் இருக்கலாம் என்பதையும் சேர்த்து வகுக்க வேண்டும்.

இரவுக்கு விலக்கு இல்லை

இவற்றில் மிக உறுதியான சான்றுள்ளது இரவைப் பற்றியது. 2016இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, 20 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,25,198 பிள்ளைகளின் தரவைத் தொகுத்துப் பார்த்தது. படுக்கும் நேரத்தில் கருவியைப் பயன்படுத்திய பிள்ளைகளுக்குத் தூக்கக் குறைவு ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. கருவியைத் தொடாமல், அது அறையில் கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் இருந்த பிள்ளைகளிடமும் தூக்கத்தின் அளவும் தரமும் குறைந்திருந்தன.

இரவு என்பது தூக்கத்தின் நேரம் மட்டுமில்லை. தனிமை முழுமையாகும் நேரமும் அதுதான். வீடு உறங்கிவிட்டது, கேட்க ஆளில்லை, களைத்த மனத்துக்கு நிதானமும் குறைவு. ஆகவே ஒரே ஒரு விதி மட்டும்தான் போட முடியும் என்கிற வீடு போட வேண்டிய விதி இது: இரவில் எந்தக் கருவியும் படுக்கையறையில் தூங்கக் கூடாது. எல்லாச் செல்பேசிகளும், அப்பா அம்மாவுடையவையும் சேர்த்து, கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். கொரிய அரசு சட்டத்தால் சாதிக்க முடியாததை ஒரு வீடு ஒரு சார்ஜரின் இடத்தை மாற்றிச் சாதிக்கலாம்; பெரியவர்களும் அதற்குக் கட்டுப்பட்டால்.

வயதுக்கேற்றபடி தளரும் எல்லை

எல்லை என்பது ஒருமுறை போட்டு அப்படியே விட்டுவிடுவதில்லை. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, குழந்தையின் திறன் வளர வளர அதற்கேற்ப வழிகாட்ட வேண்டும் என்கிறது. வீட்டுக்கும் அதுவே பொருந்தும்.

ஏழெட்டு வயதுவரை திரை பெரியவரோடு சேர்ந்து பார்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். கருவியும் கடவுச்சொல்லும் பெரியவருடையவை. கணினியில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு. புதிய மென்பொருளைச் சேர்க்கும் அதிகாரம் அதற்கு இல்லை. வடிகட்டிகள் பயன்படுவது இந்த வயதில்தான். விளையாட்டுக்குள் பொருள் வாங்க யூபிஐ, அட்டை விவரங்களைச் சேமித்துவைக்கக் கூடாது.

எட்டிலிருந்து பன்னிரண்டுவரை, பிள்ளை தானே பயன்படுத்தலாம். இடம் கூடமாகவோ, கதவு திறந்த அறையாகவோ இருக்க வேண்டும். ஹெட்போன் போட்டுக்கொண்டு மற்றவரோடு பேசி ஆடும் விளையாட்டுகளில் பெரியவர் அவ்வப்போது உடன் உட்கார வேண்டும். யாருடன் ஆடுகிறாய், அவர்களை எப்படித் தெரியும், ஏதாவது அனுப்பச் சொன்னார்களா என்று கேட்பது விசாரணையாக இல்லாமல், பள்ளியில் இன்று என்ன நடந்தது என்று கேட்பதுபோல அன்றாடப் பேச்சாக வேண்டும்.

பதின்மூன்றுக்கு மேல் பிள்ளைக்கு அந்தரங்கம் தேவை. இந்த வயதில் செய்திகளைப் படிப்பதை விட்டு விதிகளைப் பேசி முடிவுசெய்ய வேண்டும். கண்காணிப்புச் செயலி வைத்தே தீர வேண்டும் என்றால், பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, எவ்வளவு காலம் என்று குறித்து, வெளிப்படையாக வையுங்கள். கணக்கைத் தடுப்பது, பக்கத்தை மூடுவது, மிரட்டல் செய்தியை அழிக்காமல் படமெடுத்து வைப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள். எப்படி என்று உங்களுக்கே தெரியாவிட்டால், பிள்ளையிடம் கேட்டுச் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லா வயதுக்கும் பொதுவான ஒரு வாக்குறுதி வேண்டும். எது நடந்தாலும் வந்து சொன்னால் செல்பேசியைப் பறிக்க மாட்டோம், அடிக்க மாட்டோம் என்ற வாக்குறுதி அது. சொன்னால் கருவி போய்விடும் என்று பயப்படும் பிள்ளையின் பயம்தான் மிரட்டுகிறவருக்குக் கிடைக்கும் முதல் ஆயுதம். பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், உண்மையானதோ போலியாகச் செய்ததோ, குழந்தையின் உடலைக் காட்டும் படத்தைப் பயன்படுத்துவதாக மிரட்டுவதும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குற்றவாளி மிரட்டியவர்தான், பிள்ளை இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்ற உதவி எண் 1930. இவ்விரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பெண்பிள்ளைக்கு மட்டும் ஒரு விதியா

நம் வீடுகளில் கட்டுப்பாடு என்றவுடன் அதன் சுமை பெரும்பாலும் பெண்பிள்ளையின்மேல் இறங்குகிறது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதினரில், சொந்தமாக அது வைத்திருக்கும் பையன்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 27 விழுக்காடு என்கிறது ஏசர். அண்ணனுக்குப் பாதி இரவுவரை விளையாட்டு, தங்கைக்குத் தொடவே தடை என்ற வீடுகளை நாம் அறிவோம். இதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பையனுக்கும் ஆபத்து உண்டு. கவனிப்பாரற்று விடப்படுவதால் அது கூடுகிறது. பெண்பிள்ளைக்கோ கற்கும் வாய்ப்பு பறிபோகிறது.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், செல்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்ததற்காக விடுதியிலிருந்து நீக்கப்பட்ட கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்றது. வயது வந்த மாணவியின் வழக்கு அது. வீட்டுச் சிறுவர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதன் கருத்து வீட்டுக்கும் வேண்டும். விதி வயதைப் பார்த்து மாறலாம். ஆணா பெண்ணா என்று பார்த்து மாறக் கூடாது.

நேரமில்லாத வீடுகள்

மேலே சொன்னவற்றைப் படித்து, இதெல்லாம் வசதியுள்ள வீடுகளுக்கான அறிவுரை என்று ஒரு வாசகர் நினைக்கலாம். கணவனும் மனைவியும் ஷிப்டு வேலைக்குப் போகிற வீட்டில் யார் உடன் உட்காருவது? ஒற்றை அறை வீட்டில் கூடம் ஏது? பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைக்கு ரூட்டரை யார் அமைத்துத் தருவது?

இந்தக் கேள்விகள் நியாயமானவை. விலை உயர்ந்த மென்பொருளையோ தொழில்நுட்ப அறிவையோ சார்ந்த கட்டுப்பாடு இந்த வீடுகளைக் கைவிட்டுவிடும் என்பதாலேயே, தனிமையைக் குறைக்கும் வழி இவர்களுக்கு உகந்தது. செல்பேசி இரவில் பெரியவர் தலைமாட்டில் இருக்கலாம். பகலில் பிள்ளை தனியாக இருக்கும் வீட்டில், பள்ளி முடிந்ததும் நூலகத்திலோ, மைதானத்திலோ, உறவினர் வீட்டிலோ இரண்டு மணி நேரம் கழிக்க ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஊரில் திறந்திருக்கும் நூலகமும், விளையாட இடமும் வேண்டும். அவற்றை அமைத்துத் தருவது ஊராட்சிகளின், மாநகராட்சிகளின் கடமை. பிள்ளைக்குப் போக வேறிடம் இல்லாதபோது, திரையை விடு என்று சொல்வது பாதிக் கடமைதான்.

சட்டமும் நிறுவனங்களும்

வீட்டின்மேல் எல்லாப் பொறுப்பையும் போடுவதும் அநீதி. தானே அடுத்த காணொளிக்கு ஓடும் வசதியையும், முடிவே இல்லாமல் கீழே இறங்கும் ரீல்ஸையும் வடிவமைப்பவர்கள் பெற்றோர் இல்லை. கைதேர்ந்த பொறியாளர்கள் வடிவமைத்ததை எதிர்த்துக் களைத்துப்போன ஒரு தாய் ஒவ்வொரு மாலையும் போராடுகிறார்.

2023ஆம் ஆண்டின் இந்திய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடைசெய்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான பகுதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் குறிப்பிட்ட சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம் உண்டு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஒரு வழக்கை விசாரித்தது. பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதியை இணையச் சேவை நிறுவனங்களே தர வேண்டும் என்று கோரிய வழக்கு அது. ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று அமர்வு கூறியது. அப்படியொரு சட்டம் வரும்வரை விழிப்புணர்வுப் பணியை விரைவுபடுத்தவும் அறிவுறுத்தியது.

ஆஸ்திரேலியச் சட்டத்தின் பலனை எடைபோட ஆண்டுகள் ஆகும். பிள்ளைகள் அதையும் தாண்டிச் செல்வார்கள் என்பதைக் கொரியாவின் அனுபவம் சொல்கிறது. ஆனால் பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்ததில் அது சரியான திசையில் நிற்கிறது. நம் சட்டமியற்றுபவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வயதெல்லையைவிட இந்தப் பொறுப்பேற்பைத்தான்.

சட்டம் வரட்டும், வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2011இன் விதி கடைக்காரரிடம் கேட்டது மிகச் சிறியது: தடுப்பைத் தாழ்த்து, திரையைத் திருப்பு, பிள்ளையோடு ஒரு பெரியவர் இருக்கட்டும். பெற்றோரிடம் நான் கேட்பதும் அவ்வளவே. இன்றிரவு வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளையும் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள், உங்களுடையதை முதலில் வையுங்கள். நாளை மாலை பிள்ளையின் அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அது பார்ப்பதைப் பாருங்கள். பாருங்கள், கேளுங்கள், பதறாதீர்கள். எது நடந்தாலும் என்னிடம் சொல்லலாம் என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த மென்பொருளும் உங்களுக்காக இதைச் செய்யாது.